கட்டைவிரலில் மை

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு சாவு வீட்டில் தொடங்குகிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையில் வருகிற வீடு. வெண்ணாற்றங்கரையில் ஓர் ஊர். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற மிராசுதார் வீடு. பெரியவருக்கு 82 வயது. விடியற்காலையில் போய்விட்டார். கல்யாணச் சாவு என்று ஊரே சொல்கிறது. வாசலில் பந்தல் போட்டாயிற்று. மூத்த மகன் ஐஸ் பெட்டிக்குப் போன் செய்கிறான், இளையவன் வேட்டு வாங்க ஆள் அனுப்புகிறான்.

குளிப்பாட்டி, திருநீறு பூசி, நாடியைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கைகளை நெஞ்சின்மேல் கொண்டுவந்து கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போதுதான் அத்தை பார்க்கிறாள். இடது கட்டைவிரலில் ஊதா மை. ஈரத்துணியால் துடைக்கிறாள், போகவில்லை. சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்க்கிறாள், ரேகையோடு ரேகையாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெரியவரோ வாழ்நாள் முழுக்க நீட்டி முழக்கிக் கையெழுத்துப் போட்டவர். கைநாட்டு வைக்க வேண்டிய ஆளே இல்லை.

சின்ன மருமகள் ஒன்றும் பேசாமல் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து அந்த விரலில் அப்பிவிடுகிறாள். இப்போது இன்னும் மோசம். வாய்க்கரிசி போடக் குனிகிற ஒவ்வொருவர் கண்ணும் நேரே சந்தனம் பூசிய அந்த ஒற்றை விரலுக்குத்தான் போகிறது. அறுபது பேர் குனிகிறார்கள், அறுபது பேரும் பார்க்கிறார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதே நேரத்தில் கூடத்தின் மறு மூலையில் பெரிய சண்டை. எதற்கு? சம்பந்தி வீட்டுக் கோடியை முதலில் போர்த்தினார்களா, பங்காளி வீட்டுக் கோடியையா என்று.

இந்த இடத்தைப் படித்துக் காட்டும்போது கேட்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். சிரித்த வேகத்தில், ஐயோ, பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறோமே என்று முகம் மாறுகிறது. எனக்கு வேண்டியது இந்த இரண்டும்தான், ஒன்றன் பின் ஒன்றாக. வசதியான குடும்பம், உள்ளுக்குள் புழுத்துப்போன உறவு, நடுவில் ஒரு குற்றம், அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கதை. இன்றைக்கு அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். முறையில் இருந்து வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் 'முறை' என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும். யார் கொள்ளி வைப்பது, பேரப் பிள்ளைகளில் யார் நெய்ப்பந்தம் பிடிப்பது, மாமன் எங்கே நிற்பது, யாருக்கு முதல் இலை, யார் வீட்டுக்கு நேரில் போய்த் துக்கம் சொல்ல வேண்டும், யாருக்குப் போனில் சொன்னால் போதும். இதில் ஒன்று பிசகினால் முப்பது வருஷம் பேச்சுவார்த்தை அற்றுப்போகிற குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் ஒருவன் அப்பாவையே கொன்றிருந்தாலும், பதினாறாம் நாள் காரியத்துக்கு வாழைக்காய் வறுவலா சேனை வறுவலா என்று அவன்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவன் மூத்தவன். செய்தவனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். இருந்தாலும் தம்பி வந்து, "அண்ணன் என்ன சொல்றீங்களோ அப்படியே செஞ்சிடலாம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

இதை எழுதும்போது நான் தனியாக நகைச்சுவை என்று எதையும் சேர்ப்பதில்லை. முறையை முறையாகவே எழுதினால் போதும். இங்கே சிரியுங்கள் என்று வாசகருக்கு ஜாடை காட்ட ஆரம்பித்தால் கதை அங்கேயே செத்துப்போகும். புதிதாக எழுத வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான்.

நம் மண்ணுக்கும் துப்பறியும் கதைக்கும் பழைய உறவு உண்டு. தமிழில் துப்பறியும் நாவல்கள் சூடாக விற்ற தொடக்க காலத்தில் முன்வரிசையில் இருந்த துரைசாமி ஐயங்காரின் பேருக்கு முன்னால் நிற்கிற வடுவூர், மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற வடுவூர்தான். இன்றைக்கு அந்த ஊரைச் சொன்னால் பறவைகள் சரணாலயம்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு என்னவோ அந்த ஏரிக்கரை வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

சரி, சொத்துக்கு வருவோம். பணக்காரக் குடும்பம் என்று மொத்தமாக எழுதினால் கதை தரையில் கால் ஊன்றாது. அந்தப் பணம் என்னவாக இருக்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டெல்டாவில் பழைய பணம் என்றால் நிலம். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட். இன்னமும் மாக்கணக்கில்தான் பேசுகிறோம். பத்து வேலிக்காரர் என்றால் அறுபத்தைந்து ஏக்கருக்குக் குறையாது. 1961ஆம் வருஷத்து நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர், என்று வரம்பு கட்டியது. 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். நிலத்தை விட மனசில்லாத பண்ணைகள் பினாமி பேர்களில் எழுதிவைத்தன. வண்டிக்காரர் பேரில், கணக்குப்பிள்ளை பேரில், சமையல்காரர் பேரில்.

வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு வரி. கதையாக நினைத்துப் பாருங்கள். என் கதையில் வருகிற சமையல்காரருக்குக் கூடத்தில் உட்காரும் வழக்கம் கிடையாது. எது சொல்வதானாலும் அடுக்களை வாசலில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் சொல்வார். ஆனால் ஒன்பது மா நஞ்சை அவர் பேரில் பட்டாவாகி நாற்பது வருஷம் ஆகிறது. அந்த நிலத்தை ஒட்டிப் புறவழிச்சாலை வருகிறது என்று தெரிந்த அன்றைக்கு, அந்த வீட்டில் முதன்முறையாக யாரோ அவரிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். இத்தனை நாள் "சாப்டியா" கூடக் கிடையாது. இந்த ஒரு மரியாதை விகுதியில் இருக்கிற பயம் இருக்கிறதே, அதை எழுதுவதற்காகவே நான் இந்த வகைக் கதைக்கு வந்தேன்.

எங்கள் தாத்தா ஒரு பண்ணையில் காரியக்காரராக இருந்தவர். அவருடைய தகரப்பெட்டி நிறையப் பழைய பத்திர நகல்கள். பள்ளி விடுமுறையில் அவற்றைப் படித்துதான் எனக்குக் கதைமொழி வந்தது. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி இருவரும் வீட்டைக் கூடத்தின் நடுவோடு இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கிணற்றில் ஆளுக்குச் சரிபாதி. கொல்லை வழியாக ஆள் நடை, வண்டி நடைப் பாத்தியம் இருவருக்கும் பொது. மாமரம் தெற்குப் பாகத்தில் நிற்கிறது, காய் மட்டும் இருவருக்கும். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று முடிகிறது. ஊஞ்சலைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஊஞ்சல் சரியாக நடுவில் தொங்குகிறது. அந்த விட்டுப்போன ஒரு வரியில் இருந்து ஒரு முழு நாவல் எழுதலாம். கொலைகாரன் எங்கே கிடைப்பான் என்று தேடுகிறவர்கள் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். எந்த வருஷம் யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள், எந்த வருஷம் ரத்து செய்தார்கள் என்று ஒரு குடும்பத்தின் கோபம் முழுக்கத் தேதிவாரியாக அதில் இருக்கும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 25ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கொலை செய்தவர், கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. நியாயமான சட்டம். ஆனால் பங்குச் சண்டை நடக்கிற வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அப்பா இயற்கையாகச் செத்தால் நாலு பங்கு. அண்ணன்தான் கொன்றான் என்று நிரூபணமாகிவிட்டால் மூன்று பங்கு என்று மனசுக்குள் கணக்கு ஓடும். அதனால் அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பறியக் கிளம்பிவிடுகிறார்கள். நீதி கேட்டு யாரும் கிளம்பவில்லை. என் கதையின் எலும்புக்கூடே இந்தப் பிரிவுதான்.

பெண்கள் விஷயம் இன்னும் ஆழமானது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று சட்டம் வந்தது, அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் நீங்கலாக. அந்த வருஷம் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம், ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீடு, ஒரே தாய் வயிறு. தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. 2005இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டபோதுதான் அக்காவுக்கும் வழி பிறந்தது. மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொன்னது. நடுவில் அந்த அக்கா எத்தனை தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்து, புடவையை வாங்கிக்கொண்டு, தங்கை பேருக்கு மாறிய தென்னந்தோப்பைத் தாண்டித் தாண்டி நடந்திருப்பாள்! அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவளை வில்லியாக எழுத எடுத்த இரண்டு படிகளையும் கிழித்துப் போட்டேன்.

கொலை எப்படி நடந்தது என்பதில் நான் அதிகம் நிற்பதில்லை. பூச்சிமருந்து டப்பாவும் அரளியும் நம் ஊரில் எத்தனை வீட்டை அழ வைத்திருக்கின்றன என்று தெரியும். செய்முறை விளக்கம் என் கதையில் இருக்காது.

இன்னொன்றை மனசில் வைத்துக்கொண்டுதான் நான் மிராசுதார் வீட்டுக் கூடத்தை எழுதுகிறேன். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இதே ஆற்றுத் தண்ணீர் பாய்கிற இதே மண்ணில்தான் அது நடந்தது. அதை மறந்துவிட்டு டிகிரி காபி, வெற்றிலைச் செல்லம், வெள்ளிக் கூஜா என்று பண்ணை வீட்டை அழகு பார்த்து எழுதினால் அது பொய். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். கொல்லைப்புறமாக வந்து போகிறவர்களின் சாவு சிரிப்புக்கு உரியதல்ல. என் கதைகளில் பண்ணையில் வேலை செய்தவர் யாரும் கதைத் திருப்பத்துக்காகச் சாக மாட்டார். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டில் எல்லாவற்றையும் பார்த்தவர்கள் அவர்கள்தான், கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த ஊதா மை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடைசி அத்தியாயத்தைப் போன வாரம்தான் எழுதி முடித்தேன். காரியமெல்லாம் முடிந்து, உயில் வெளியே வந்து, ஆளாளுக்குப் புகார் கொடுத்து, இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வருகிறார். எல்லோரையும் விசாரிக்கிறார். கடைசியாக அடுக்களை வாசலில் தூணோரம் நிற்கிற சமையல்காரரைப் பார்த்து, "வாங்க, இப்படி வந்து உட்காருங்க" என்கிறார்.

கூடத்தில் ஊஞ்சல் ஒன்றுதான் காலியாக இருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறார். பிறகு போய் ஓரமாக உட்காருகிறார். சின்ன மருமகள் ஓடிப்போய்த் தன் கையால் காபி கலந்து கொண்டுவந்து நீட்டுகிறாள். அவர் டபராவோடு வாங்கி, வாய் வைக்காமல் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறார்:

"மை டப்பா என்கிட்டதான் இருக்குங்க."

நன்றி, வணக்கம்.