கடலைப் பார்த்து எரியும் விளக்கு

(சென்னை நீலாங்கரையில் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். ‘ஆமை முட்டை எடுப்பவர்’ என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். வேறு இடமாக இருந்தால் ஓடியிருப்பேன். இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்குப் பக்கத்து இடம். முட்டையைத் திருடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. நாங்கள் எடுப்பது வனத்துறைக்குத் தெரிந்து, பொரிப்பகத்தில், அதாவது குஞ்சு பொரியும்வரை முட்டையைப் புதைத்துக் காக்கும் இடத்தில், வைப்பதற்கு.

இந்தக் கரையில் ஆமைக்காக இரவு நடையைத் தொடங்கியவர்கள் 1970களில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய பாம்புப் பண்ணை நண்பர்களும். 1988 முதல் மாணவர்கள் அதை நடத்திவருகிறார்கள். அன்றைக்கு முட்டையைத் தோண்டி விற்பது சாதாரணம். இன்றைக்கு இங்கே அது வெகுவாகக் குறைந்துவிட்டது. தெருநாய் தோண்டுவதுதான் பெரிய தலைவலி.

எப்படி எடுக்கிறோம் என்று கேட்டீர்கள். ஈர மணலிலிருந்து மேட்டுக்கு ஏறி, திரும்பி இறங்கும் துடுப்புக்கால் கீறல்தான் தடம். அது வளைந்து திரும்பும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே கம்பை மெல்ல ஊன்றிப் பார்ப்போம். இறுகிய மணலில் கம்பு நிற்கும். குழியின் வாயில் மட்டும் லேசாக உள்ளே வழுக்கும். உடனே கம்பைப் போட்டுவிட்டுக் கையால் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில் பிங்பாங் பந்து மாதிரி நூறு முட்டை, சில சமயம் அதற்கும் மேல். துணிப்பையில் வைத்து, குலுங்காமல் கொண்டுபோய், சீக்கிரமே புதைத்துவிட வேண்டும். நேரமானால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முட்டை புரண்டால் கரு செத்துவிடும். புதிய குழியும் தாய் தோண்டிய மாதிரியே வாய் குறுகி, அடி அகன்று இருக்க வேண்டும்.

இதைக் கேட்டுக் கைதட்டுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் தாய் வைத்த இடத்தில் முட்டையை விட்டுவைக்க முடியவில்லை என்பதால்தான் பொரிப்பகமே. மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது. சூடு கூடினால் பெண். அப்படியானால் எந்த இடத்தில் புதைக்கிறோம் என்பதில் அந்தக் கணக்கிலும் நாம் கை வைக்கிறோம். வேறு வழி இருந்தால் முட்டையைத் தொடவே மாட்டேன்.

ஏன் வழியில்லை? ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். விளக்கில்லாத கரையில் வெளிச்சமான பக்கம் கடல்தான். இங்கே வெளிச்சம் நம் பக்கம். குஞ்சுகள் சாலையை நோக்கி ஏறி, விடிந்ததும் வெயிலில் காய்ந்தோ காக்கைக்கு இரையாகியோ போகும். முட்டையிட வரும் தாயும் டார்ச்சையும் செல்போன் ஃபிளாஷையும் கண்டால் பாதியில் திரும்பிவிடும்.

கடலுக்குள் நடப்பது தனிக் கதை. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்திருப்பீர்கள். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும்; இழுவை வலையில் மாட்டினால் மூழ்கியே சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்று விதி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆமை இங்கே முட்டையிடுவது முக்கியமாக ஜனவரியிலிருந்து மார்ச் வரை! ஆகவே அந்த மாதங்களில் ஐந்து மைல் விதியைக் காவல் காப்பது முக்கியமான வழி. கரையோரம் ஃபைபர் படகில் போகிறவர்களுக்கும் அதுதான் வேண்டும். இழுவைப் படகு கிட்டே வந்தால் அவர்கள் வலையும் அறுந்துபோகும். இதை அரசிடம் கேட்கும்போது குப்பத்து ஆட்களை விட்டுவிட்டு நாம் மட்டும் போகக்கூடாது.

அது அரசாங்க வேலை, சரி. விளக்கு நம் வேலை. முழு இருட்டு வேண்டாம். ஜனவரியிலிருந்து மே வரை கடல் பக்க விளக்குகளுக்கு மூடி போட்டு, ஒளி தரையில் விழும்படி திருப்பினால் போதும். இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே கடலைப் பார்த்து ஒரு ஃபோகஸ் விளக்கு விடிய விடிய எரிகிறது. செயலாளர் முன்வரிசையில்தான் இருக்கிறார். சார், அதன் சுவிட்ச் யாரிடம் இருக்கிறது?