6 பேர் ஓட்டு, 3-3 டிரா! நள்ளிரவில் தேர்தல் நடத்தும் அமெரிக்கக் குட்டி ஊர்

வணக்கம் நண்பர்களே!

2024 நவம்பர் 5. அமெரிக்காவில் தேர்தல் நாள் பிறந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. நாடே தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஓர் ஊரில் ஓட்டுப் போட்டு, எண்ணி, முடிவையும் அறிவித்துவிட்டார்கள். கமலா ஹாரிஸ் 3, டொனால்ட் டிரம்ப் 3. மொத்த வாக்காளர்களே 6 பேர்தான்!

ஊர் பெயர் டிக்ஸ்வில் நாட்ச். வீடியோவைக் கடைசி வரை பாருங்கள். அந்த 3-3க்குள் ஒரு குட்டித் துப்பறியும் கணக்கு இருக்கிறது, அதை நாம் சேர்ந்தே போடப் போகிறோம்.

[திரையில்: நியூ ஹாம்ப்ஷயர் வரைபடம், வடக்கு மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி]

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். அதன் வட கோடியில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், ஒரு மலைக்கணவாயில் இந்த ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4. அங்கே பால்சம்ஸ் என்று ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது, 2011-ல் மூடிவிட்டார்கள். அதை வைத்திருந்தவர் நீல் டில்லட்சன், ரப்பர் கையுறையும் பலூனும் தயாரித்துப் பணக்காரரான தொழிலதிபர். 1960-ல் இங்கேயே ஓட்டுப் போட ஏற்பாடு செய்தவரும் அவர்தான். 100 பேருக்கும் குறைவான ஊர்கள் நள்ளிரவிலேயே சாவடியைத் திறக்கலாம், பட்டியலில் இருக்கும் எல்லோரும் ஓட்டுப் போட்டு முடித்ததும் மூடிவிடலாம் என்கிறது அந்த மாநிலச் சட்டம். அவ்வளவுதான் பின்னணி.

டில்லட்சன் ஓட்டுப் போடும் விதமே தனி. வாக்குச்சீட்டைப் பெட்டியின் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தையே பார்த்தபடி நிற்பாராம். மணி 12 ஆனதும் சீட்டு உள்ளே விழும். 102 வயதில், 2001-ல் காலமாகும் வரை ஊரின் முதல் ஓட்டு அவருடையதுதான்.

சரி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். இந்த ஊர் முடிவை வைத்து அடுத்த அதிபர் யார் என்று சொல்லிவிடலாமா?

முடியாது நண்பர்களே! ஆரம்பமே அப்படித்தான். 1960-ல் 9 ஓட்டும் நிக்சனுக்கு, ஜெயித்தது கென்னடி. 1964-ல் கோல்ட்வாட்டர் பக்கம் நின்றார்கள், ஜெயித்தது ஜான்சன். 1968-ல் ஹம்ஃப்ரி பக்கம் போனார்கள், அந்தத் தடவை பார்த்து நிக்சன் ஜெயித்தார்! முதல் மூன்று தேர்தலிலும் ஊர் ஒரு பக்கம், நாடு ஒரு பக்கம். அப்புறம் பல வருடங்கள் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்துவிட்டு, 2008-ல் ஒபாமாவுக்கு 15, மெக்கெய்னுக்கு 6 என்று கொடுத்தார்கள். 2012-ல் 5-5 சமம். 2016-ல் ஹிலாரிக்கு 4, டிரம்புக்கு 2. 2020-ல் பைடனுக்கு 5, டிரம்புக்கு பூஜ்யம். பக்கத்திலேயே மில்ஸ்ஃபீல்ட் என்று இன்னொரு குட்டி ஊர். அதே 2020-ல், அதே நள்ளிரவில் அங்கே டிரம்புக்கு 16, பைடனுக்கு 5! பக்கத்து ஊரே இப்படி மாற்றிப் போடும்போது, 5 ஓட்டை வைத்து நாட்டுக்கே ஜோசியம் சொல்வது நியாயமே இல்லை.

எனக்கு இந்த ஊர் பிடித்ததற்குக் காரணம் வேறு. ரகசிய வாக்கெடுப்பு என்கிறோம் இல்லையா? தடுப்புக்குள் போய்த் தனியாகத்தான் சீட்டில் குறிக்கிறார்கள். ஆனால் 5-0 என்று முடிவு வந்த மறுநொடியே ஐந்து பேர் ரகசியமும் வெளியே வந்துவிடுகிறது. யார் யாருக்குப் போட்டார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவே வேண்டாம்.

இப்போது அந்த 3-3 கணக்கு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று சொல்லலாம். நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியும் வேண்டாம் என்றும் பதியலாம். 2024-ல் டிக்ஸ்வில் நாட்ச்சின் 6 பேரில் 4 பேர் குடியரசுக் கட்சி, 2 பேர் எந்தக் கட்சியும் இல்லை. ஜனநாயகக் கட்சிக்காரர் என்று ஒருவர்கூட இல்லை.

[திரையில்: ஆறு உருவங்கள், நான்கு சிவப்பு, இரண்டு சாம்பல்]

ஆனால் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான ஹாரிஸுக்கு 3 ஓட்டு விழுந்திருக்கிறது. கட்சி சாராதவர்கள் 2 பேரும் அவருக்கே போட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு ஓட்டு இடிக்கிறது. ஆக, பதிவு செய்த குடியரசுக் கட்சிக்காரர் ஒருவராவது எதிர்க்கட்சி வேட்பாளருக்குப் போட்டே இருக்க வேண்டும். வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், வேறு வழியே கிடையாது.

இன்னும் ருசியான விஷயம், அதே வருடம் ஜனவரியில் நடந்தது. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல். கட்சி சாராதவர்கள் அன்றைக்கு எந்தக் கட்சியின் சீட்டு வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கலாம். 6 பேரும் குடியரசுக் கட்சிச் சீட்டைத்தான் வாங்கினார்கள். 6 ஓட்டும் அந்தக் கட்சியில் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கு, டிரம்புக்கு ஒன்றுகூட இல்லை! பிறகு ஹேலி போட்டியிலிருந்து விலகினார். நவம்பரில் ஊர் சரிபாதியாகப் பிரிந்தது. கட்சிப் பதிவு ஒன்று, மனசு இன்னொன்று என்பதை இதைவிடச் சின்னக் கணக்கில் காட்ட முடியாது. லட்சக்கணக்கான ஓட்டில் ஒரு ஆளின் மனமாற்றம் கண்ணுக்கே தெரியாது. இங்கே அது முடிவையே மாற்றிவிடுகிறது.

பட்டியலில் இல்லாத பெயரைக் கையால் எழுதிப் போடும் உரிமையும் அங்கே உண்டு. 2020 பிரைமரியில் நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் பெயர் சீட்டில் இல்லை. ஆனாலும் 5 பேரில் 3 பேர் அவர் பெயரை எழுதினார்கள். ஜனநாயகக் கட்சிச் சீட்டில் இருவர், குடியரசுக் கட்சிச் சீட்டில் ஒருவர். ஒரே ஆள் இரண்டு கட்சியிலும் முதலிடம்!

உள்ளூர் நிர்வாகம் எப்படி? டிக்ஸ்வில் தனி நகராட்சி இல்லை, கோவாஸ் கவுன்டிக்குள், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பகுதிக்குள் வரும் இடம். ஆனாலும் வாக்குப்பதிவு நடக்க வாக்குப்பதிவை நடத்தும் மாடரேட்டர், கிளார்க், வாக்காளர் பட்டியலைப் பார்ப்பவர்கள் என்று பதவிகளை நிரப்பியே ஆக வேண்டும். 2020 தேர்தலுக்கு முன் அதற்கே ஆள் போதாமல் போனது. மூடிக்கிடந்த ஹோட்டலைப் புதுப்பிக்க வந்தவர் ஊரிலேயே குடியேறியதால்தான் நள்ளிரவு வாக்குப்பதிவு தொடர்ந்தது. மாநிலத்தின் மற்ற சிற்றூர்களில் மார்ச் மாதம் டவுன் மீட்டிங் கூடும். ரோடு போட எவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு என்று ஊர்க்காரர்களே கை தூக்கி முடிவு செய்வார்கள். மாநில சபையில் 400 உறுப்பினர்கள், சம்பளம் வருடத்துக்கு 100 டாலர். ஆமாம், வருடத்துக்கு!

இந்த நள்ளிரவுப் பழக்கத்தை முதலில் தொடங்கியது டிக்ஸ்வில் இல்லை. அதே மாநிலத்தின் ஹார்ட்ஸ் லொகேஷன் என்ற ஊர், 1948-ல். விடியுமுன் வேலைக்குக் கிளம்ப வேண்டிய ரயில்வே தொழிலாளர்கள் ஓட்டை இழக்கக் கூடாது என்றுதான் சாவடியை அவ்வளவு சீக்கிரம் திறந்தார்கள். கேமராக்கள் எல்லாம் பின்னால் வந்தவை. இந்தக் காரணத்தை முதலில் படித்தபோதே இந்த வீடியோவை எடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. அங்கே நள்ளிரவு 12 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் காலை 10.30. அன்றைக்கு டிக்ஸ்வில் நாட்ச்சில் எத்தனை வாக்காளர்கள் இருப்பார்கள், முடிவு என்னவாக இருக்கும்? உங்கள் கணிப்பை இப்போதே கமென்ட்டில் போடுங்கள். சரியாகச் சொன்னவர்களின் பெயரை அன்றைய வீடியோவில் வாசிக்கிறேன்.