வால் உயர்த்திய கூட்டம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இன்று கோவாட்டி என்ற விலங்கைப் பற்றிப் பேசப்போகிறேன். அமெரிக்கக் கண்டத்தில் வாழும் ரக்கூன் என்ற விலங்குக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் ரக்கூன் இரவில் நடமாடும். கோவாட்டி பெரும்பாலும் பகலில்தான் இரை தேடும். வெண்மூக்குக் கோவாட்டி அமெரிக்காவின் அரிசோனாவில் தொடங்கி, மெக்சிகோ, பனாமா வழியாகக் கொலம்பியா வரை வாழ்கிறது. தென் அமெரிக்காவில் இன்னொரு வகை, அர்ஜென்டினாவின் வடபகுதி வரை. ஆண்டிஸ் மலைகளில் உருவில் சிறிய மலைக் கோவாட்டிகளும் உண்டு.

கூட்டமாகப் போகும்போது நீண்ட வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டுதான் போகும். புதருக்குள் உடல் மறைந்தாலும் வால் தெரியும். கூட்டத்தைத் தவறவிடாமல் இருக்க இது உதவுகிறது என்று கருதுகிறார்கள்.

மூக்கோ எல்லாப் பக்கமும் வளையும். அதைச் சருகுக்குள் நுழைத்து மோப்பம் பிடித்து, இரை இருக்கும் இடம் தெரிந்ததும் நகங்களால் பறபறவென்று தோண்டும். மரவட்டை கிடைத்தால் உடனே விழுங்கிவிடாது. மரவட்டை காரமான திரவத்தைக் கக்கும் இல்லையா? அதனால் முன்னங்கால்கள் இரண்டாலும் அதைத் தரையில் உருட்டு உருட்டென்று உருட்டி, திரவம் மண்ணோடு போன பிறகுதான் தின்னும். உடல் முழுக்க அரிக்கும் ரோமம் கொண்ட டரான்டுலா சிலந்திக்கும் இதே உருட்டல்தான். பழம் பழுக்கும் காலத்தில் மரமேறிவிடும். கணுக்கால் பின்பக்கம் திரும்பும் என்பதால் தலைகீழாகவே இறங்கும்.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது இவற்றின் குடும்ப வாழ்க்கை. கூட்டத்தில் இருப்பவை எல்லாம் பெண்களும் குட்டிகளும்தான். ஆண், இரண்டு வயது வாக்கில் கூட்டத்தை விட்டு விலகித் தனியாகத் திரியும். இந்த வித்தியாசத்தைப் பார்த்து, தனியாகத் திரிவது வேறோர் இனம் என்றே முன்பு இயற்கையாளர்கள் நினைத்தார்கள். பனாமா கால்வாய்க்காகத் தேக்கிய நீரால் உருவான பாரோ கொலராடோ தீவில் ஜான் காஃப்மன் என்ற விலங்கியலாளர் இவற்றைக் கூர்ந்து கவனித்து, 1962-ல் விரிவான ஆய்வை வெளியிட்டார். கோவாட்டியைப் படிக்கும் யாரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

இனச்சேர்க்கைக் காலம் வந்தால் ஆண் தயங்கித் தயங்கிக் கூட்டத்தை நெருங்கும். பெண்களுக்கு ரோமத்தைக் கோதிவிட்டு, பணிவு காட்டிய பிறகுதான் இடம் கிடைக்கும். வேலை முடிந்ததும் பெண்கள் அதைத் துரத்திவிடும். காரணம் இருக்கிறது: ஆண்கள் குட்டிகளைக் கொல்வது உண்டு.

சுமார் 77 நாள் கர்ப்பம். பிரசவம் நெருங்கும்போது தாய் கூட்டத்தைப் பிரிந்து, மரத்தின் மேல் கூடு கட்டிக் குட்டி போடும். அந்தச் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. வெண்முக கபுச்சின் குரங்குகள் கூட்டில் புகுந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஐந்தாறு வாரம் கழித்து, பிழைத்த குட்டிகளோடு தாய் பழைய கூட்டத்துக்கே திரும்பும். அப்புறம் எச்சரிக்கைக் குரல் கொடுப்பதும், பகையை எதிர்த்து நிற்பதும், உண்ணி பொறுக்குவதும் பல பெண்கள் சேர்ந்து செய்யும் வேலை. இதில் சொந்தமில்லாத பெண்ணும் சில சமயம் சேர்ந்துகொள்ளும். அதற்கு ஓரத்தில்தான் இடம், அடியும் கடியும் கூடுதல். இருந்தும் அது கூட்டத்தை விடாது. சிறுத்தைப்பூனை போன்ற ஓசலாட், பூமா, ஜாகுவார் எல்லாம் உலவும் காட்டில் தனிமை அவ்வளவு ஆபத்தானது.

கடைசியாக ஒன்று. அர்ஜென்டினா, பிரேசில் எல்லையில் உள்ள இகுவாசு அருவிப் பக்கம் கோவாட்டிகள் சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்தே உணவைப் பறிக்கும். சிலர் கடியும் படுகிறார்கள். தவறு அவற்றினுடையது அல்ல, தின்பண்டம் நீட்டிப் பழக்கிய நம்முடையது. அங்கே போகிறவர்கள் பையை இறுக மூடி வையுங்கள். குட்டி எவ்வளவு அழகாகக் கெஞ்சினாலும் ஒரு துண்டு ரொட்டிகூடக் கொடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.