முகாமில் பிறந்த மனைவி, பிறக்கப்போகும் பிள்ளை: குடியுரிமைக்கு என்ன வழி?

(காட்சி: ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. காலை நேரம். கம்பெனி வேனுக்காகப் பெண்கள் காத்திருக்கிறார்கள்.)

வணக்கம். கெலவரப்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு, பென்னாகரம் பக்கம் நாகாவதி என்று நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணும் உள்ளூர்ப் பையனும் ஒரே கம்பெனி வேனில் வேலைக்குப் போய், மனம் ஒத்துத் திருமணம் செய்துகொள்வது இன்று புதிதல்ல. ஆனால் அவள் கருவுற்ற பிறகுதான் வீட்டில் அந்தக் கேள்வி எழுகிறது: அப்பன் இந்தியக் குடிமகன், அம்மாவிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை, அப்படியானால் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை?

"இங்கே பிறந்தால் இந்தியக் குழந்தைதானே" என்று பலரும் ஆறுதல் சொல்வார்கள். அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 3-ஆவது பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவர்களுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவராவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு பிறந்தவர்களுக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் குழந்தை பிறக்கும் நேரத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். நாம் பேசும் குடும்பத்தின் முழுக் கவலையும் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

எனவே, பிள்ளையின் குடியுரிமையைத் தேடுவதற்கு முன் தாயின் நிலையை முதலில் பார்க்க வேண்டும் என்பதே இந்த வீடியோவில் நான் வலியுறுத்த விரும்புவது. பலர் மனைவியிடம் முகாம் அட்டை இருப்பதைக் கண்டதுமே அவரை வெளிநாட்டவர் என்று முடிவுகட்டி, மனு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் அவருடைய தாய் தந்தையின் பிறந்த தேதியையும் பிறந்த ஊரையும் கேளுங்கள்.

(காட்சி: மடித்து மடித்து நைந்துபோன ஒரு பிறப்புச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறைக்குள்.)

ஒரு எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 1983 கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்த ஒரு தம்பதிக்கு 1985-இல் மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன விதிப்படி அந்தக் குழந்தை பிறப்பால் இந்தியர். அவருக்கு 2003-இல் ஒரு மகள் பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்ற காரணத்தால் அந்த மகளும் பிறப்பால் இந்தியர். இன்று கர்ப்பிணியாக இருப்பது அந்த மகள்தான் என்றால், கணவரும் இந்தியர் என்பதால், வயிற்றில் இருக்கும் பிள்ளையின் குடியுரிமையில் ஐயத்துக்கே இடமில்லை. மூன்று தலைமுறையாக முகாம் பதிவேட்டில் பெயர் இருப்பது இந்த உரிமையை அழித்துவிடாது. இது வெறும் வாதமாக நின்றுவிடவில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார்.

பாட்டியின் பெட்டிக்குள் கிடக்கும் பழைய பிறப்புச் சான்றிதழ் எவ்வளவு பெரிய சொத்து என்பது இப்போது புரிந்திருக்கும். அது தொலைந்திருந்தால், பிறப்பு எங்கே பதிவானதோ அந்த உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் கேட்கலாம்.

அந்தத் தேதிகள் பொருந்தாவிட்டால் வழி குறுகிவிடுகிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் 'நுழைந்த' வெளிநாட்டவர், அல்லது ஆவணத்தோடு நுழைந்து அனுமதிக் காலத்துக்கு மேல் தங்கியவர், சட்டவிரோதக் குடியேறி என்று சட்டம் வரையறுக்கிறது. குழந்தையாகப் படகில் வந்த ஒரு தாய் இந்த வரையறைக்குள் சிக்குகிறார். ஆனால் இங்கேயே பிறந்த தாய் எந்த எல்லையைக் கடந்து நுழைந்தார்? என் பார்வையில் இது வலுவான வாதம். எனினும் இதைக் கீழ்நிலை அலுவலகத்தில் பேசிப் பயனில்லை, வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தில் எடுத்துரைக்க வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இது பெரிய ஆறுதல்தான். ஆனால் தண்டனை இல்லை என்பதும் குடியுரிமை உண்டு என்பதும் வேறு வேறு. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

திருமணத்தின் வழியாக மனைவி குடியுரிமை பெற 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இடம் தருகிறது. இந்தியரை மணந்து ஏழு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும் என்பதோடு, சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்ற கதவும் அங்கே நிற்கிறது. அதனால் சிலர், இலங்கைக்குத் திரும்பிப் பாஸ்போர்ட் எடுத்து, மனைவி என்ற முறையில் விசாவோடு வரலாம் என்று யோசனை சொல்வார்கள். வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும், முகாம் பதிவை விட வேண்டும், திரும்ப விசா கிடைக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு அந்தப் பயணத்தைத் தொடங்க வேண்டாம் என்றே நான் மன்றாடிக் கேட்பேன்.

எந்த வழியானாலும் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. கோயிலில் தாலி கட்டியதற்கான புகைப்படம் மட்டும் போதாது.

(காட்சி: ஆரம்ப சுகாதார நிலையம். கிராம சுகாதாரச் செவிலியர் விவரங்களைப் பதிகிறார்.)

அடுத்து, கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவை. இங்கேதான் எழுத்துப் பிழை நுழைகிறது. முகாம் அட்டையில் 'செல்வராசா' என்று இருக்கும் தாத்தாவின் பெயர், ஆதாரில் 'செல்வராஜ்' ஆகி, சுகாதார நிலையத்தில் வெறும் 'எஸ்' என்ற முதலெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்தில் மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். எனவே பழைய சான்றிதழில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

குழந்தை பிறந்ததும் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்றிதழே ஆதாரம். அது குடியுரிமையைத் தராது. ஆனால் தந்தை யார், தாய் யார், எங்கே பிறந்தது என்பதைச் சொல்லும் முதல் தாள் அதுதான். அஞ்சித் தந்தையின் பெயரை விட்டுவிடுவதும், தாய்க்குப் பதிலாக நாத்தனார் பெயரைக் கொடுப்பதும் பிள்ளைக்குச் செய்யும் பெருந்தீங்கு.

இந்தியக் குடியுரிமை கிடைக்காது என்று வழக்கறிஞர் உறுதியாகச் சொன்னால், பிள்ளை நாடற்றதாக நிற்க வேண்டியதில்லை. தாய் இலங்கைக் குடிமகள் என்றால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இலங்கைக் குடிமகனாகப் பதியலாம்; அதற்குச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தை அணுக வேண்டும். பிறந்த ஓராண்டுக்குள் பதிவது முறை. தாமதமானால் தக்க காரணம் காட்டி அனுமதி கேட்க வேண்டும். ஆனால் இந்தியக் குடியுரிமைக்கான வாய்ப்பு இன்னும் திறந்திருக்கும்போது, அவசரப்பட்டு அங்கே கையெழுத்திடாதீர்கள். முதலில் பாட்டியின் பெட்டியைத் திறந்து பாருங்கள்.