ரூமிக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மரியாதை மனசுக்குள் இருக்கட்டும், எனக்கு நேரம் குறைவு.

இஸ்லாமிய மெய்ஞ்ஞானிகளான சூஃபிகளை நாடுவாரியாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று பேசிய சகோதரி, போகிற போக்கில் எங்களை ஒரு குத்து குத்தினார். "முகவரி இல்லாத கடிதம் குப்பைக்குத்தான் போகும். சூஃபிக் கவிஞர் ரூமி எந்த நாட்டுக்காரர் என்று சொல்லத் துப்பில்லாத அணி அது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, எழுதுவோம் முகவரி. பிறந்தது 1207. ஊர் பால்க் என்றால் இன்றைய ஆப்கானிஸ்தான். வக்ஷ் என்றால் தஜிகிஸ்தான். பாடியது பாரசீகத்தில், அதனால் ஈரான் விடாது. வாழ்ந்து 1273இல் அடங்கியது கோன்யாவில், அது துருக்கி. 2016இல் ஈரானும் துருக்கியும் அவர் படைப்பை யுனெஸ்கோவில் சேர்ந்து பதியப் பார்த்தபோது ஆப்கானியர்கள் கொதித்தே போனார்கள். தபால்காரர் எந்தக் கதவைத் தட்டுவார், சகோதரி?

ஒரு கதை சொல்கிறேன். சூஃபிகள் வழிவழியாகச் சொல்வது. ரூமி அப்போது சின்னப் பையன். அப்பா பஹாவுத்தீன் வலத் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பி பாக்தாத் வாசலுக்கு வந்து நிற்கிறார். காவலன் கேட்கிறான்: "எங்கிருந்து வருகிறீர்கள்? எங்கே போகிறீர்கள்?" பெரியவர் சொல்கிறார்: "இறைவனிடமிருந்து வருகிறோம், இறைவனிடம் போகிறோம்."

இதை நம் மீனம்பாக்கம் ஏர்போர்ட் கவுன்டரில் சொல்லிப் பாருங்கள்! "எத்தனை நாள் தங்குவீர்கள்?" "அவன் விடுகிற வரை." "ஸ்பான்சர் யார்?" "அவன்தான்." "ரிட்டர்ன் டிக்கெட்?" "அது மட்டும் கன்ஃபர்ம்!" நடுவரே சிரிக்கிறார், மார்க்கில் காட்டுங்கள் ஐயா.

கதை முடியவில்லை. காவலன் முழிக்கிறான். சேதி சுஹ்ரவர்தி என்ற பெரிய ஞானியிடம் போகிறது. கேட்டதுமே அவர், "இப்படிப் பேச பஹாவுத்தீனைத் தவிர யார் இருக்கிறார்கள்?" என்று எழுந்து எதிர்கொண்டு அழைக்க ஓடுகிறார். கவனித்தீர்களா? ஊர் சொல்லவில்லை, நாடு சொல்லவில்லை, ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சகோதரி, உங்கள் கடிதம் முகவரி இல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டதம்மா!

நாடுகள் கொண்டாடும் அழகையும் பார்த்துவிடலாம். 1925இல் தர்வேஷ் என்ற சூஃபித் துறவிகளின் மடங்களைச் சட்டம் போட்டு மூடிய துருக்கி, 1980களில் 5000 லிரா நோட்டில் ரூமி படத்தை அச்சடித்தது. அப்புறம் வந்த விலைவாசியில் அந்த நோட்டும் துறவியாகிவிட்டது.

வாதம் போதும். நாகூருக்கு வாருங்கள். வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர் ஷாகுல் ஹமீது. அவர் தர்காவின் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கடல் தாண்டிப் பிழைக்கப் போன நம் ஆட்கள், 1828இல் சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் அவர் நினைவாக இன்னொரு தர்கா கட்டத் தொடங்கினார்கள். அங்கே அவர் அடக்கமாகவில்லை. ஆனாலும் கட்டினார்கள். ஊர் தெரியாத ஊரில், அலை அடிக்கிற ராத்திரியில், கூப்பிட ஒரு பேர் வேண்டாமா ஐயா?

பிள்ளைக்கு மொட்டை போட நாகூர் வரும் ஓர் இந்துத் தாயிடம் போய்ச் சொல்லுங்கள்: "அம்மா, இவர் உத்தரப் பிரதேசத்துக்காரர்." அவள் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "இருக்கட்டுமே. எங்க நாகூர் ஆண்டவருங்க."

மணி அடிக்கிறது. எதிரணி அந்த அம்மாவிடம் பேசிக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.