டூம்ஸ்டே கிளைமாக்ஸ்: டூம் ஜெயிச்சுத்தான் ஆகணும்

வணக்கம் மக்களே. பின்னாடி தெரியுறது நம்ம பாண்டிச்சேரி காந்தி சிலை. மணி ஆறாயிடுச்சு, பீச் ரோட்ல வண்டியை நிறுத்திட்டாங்க, ஹாரன் தொல்லை இல்ல. காத்து சத்தம் மட்டும் மைக்ல கொஞ்சம் விழும், பொறுத்துக்குங்க. இன்னைக்கு மார்வெல் படம் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே', அது எப்படி முடியும்ங்கிற என் தியரி. ரிலீஸ் 2026 டிசம்பர் 18. கடலூர்ப் பக்கம் பசங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை நேரம், மார்வெல்காரனுக்கு அது எங்க தெரியப் போகுது.

நேரா கிளைமாக்ஸுக்கு வரேன். இந்தப் படத்துல வில்லன் டாக்டர் டூம் தோக்க மாட்டான். தோத்துட்டா அடுத்த படத்துக்கு வேலையே இல்ல. 2027 டிசம்பர் 17க்கு 'சீக்ரெட் வார்ஸ்' துண்டு போட்டு வெச்சிருக்காங்க. அதே பேர்ல 2015ல ஜொனாதன் ஹிக்மேன் எழுதி எசாத் ரிபிச் வரைஞ்ச காமிக்ஸ் இருக்குல்ல, அதோட முதல் இஷ்யூவிலேயே ரெண்டு பூமியும் மோதி காலி. மீதி எட்டு இஷ்யூவும் அதுக்கு அப்புறம் நடக்குற கதை. அப்போ இந்தப் படம் எங்க போய் நிக்கணும்? அந்த மோதல்ல.

மோதல்னா என்னன்னு தெளிவா வெச்சுக்குங்க, பாதி தியரி இங்கதான் சறுக்குது. இன்கர்ஷன். காமிக்ஸ் ரூல்படி ரெண்டு பிரபஞ்சம் ஒன்னை ஒன்னு நெருங்குது, தொடுற இடம் பூமி. வானம் சிவக்கும், தலைக்கு மேல இன்னொரு பூமி தெரியும். கையில இருக்குறது 8 மணி நேரம். அதுக்குள்ள ஏதாவது ஒரு பூமியை அழிச்சா ரெண்டு பிரபஞ்சமும் பிழைக்கும். யாரும் அழிக்கலன்னா ரெண்டும் போச்சு. ஆனா படத்துல சொன்ன ரூல் வேற. 2022ல வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்துல ஃபென்டாஸ்டிக் ஃபோர் டீம் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் சொல்றாரு, மோதினா ஒன்னு அழியும், இல்லன்னா ரெண்டும் அழியும்னு. 8 மணி நேரக் கணக்கு அதுல இல்ல. அதனால "கடைசி ரெண்டு மணி நேரமும் கவுண்ட்டவுன் ஓடும்"னு காமிக்ஸை வெச்சு அடிச்சு சொல்லாதீங்க. அந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தை எழுதுன மைக்கேல் வால்ட்ரனும் 'டூம்ஸ்டே' ரைட்டர்ல ஒருத்தரு. ரூல் போட்ட கை உள்ளயே இருக்கு, சும்மா விட மாட்டாரு.

சரி, எந்த ரெண்டு பூமி? எனக்கு இதுல பெரிய சந்தேகம் இல்ல. 2025 மார்ச் 26ல நாற்காலி நாற்காலியா காட்டி 27 பேர் லிஸ்ட் விட்டாங்களே, அதை மறுபடி எடுத்துப் பாருங்க. பேட்ரிக் ஸ்டூவர்ட், இயன் மெக்கெல்லன், ஜேம்ஸ் மார்ஸ்டன், ரெபெக்கா ரோமெயின், ஆலன் கம்மிங், கெல்ஸி கிராமர். பழைய எக்ஸ்-மென் கூட்டத்துல ஆறு பேர். சும்மா தலை காட்டிட்டுப் போக ஆறு பேரா? 2023ல 'தி மார்வெல்ஸ்' முடிஞ்சப்புறம் வர சீன்ல அந்தப் பட ஹீரோயின்ல ஒருத்தி மோனிக்கா போய் மாட்டுனது கெல்ஸி கிராமர் நடிச்ச எக்ஸ்-மென் ஆளு பீஸ்ட் இருக்குற உலகத்துல. நம்ம பூமி ஒரு பக்கம், அந்த பூமி எதிர்ப் பக்கம். முன்னப் பின்ன தெரியாத ஒரு பூமி அழிஞ்சா தியேட்டர்ல எவனுக்கும் வலிக்காது. 2000லேர்ந்து பாத்துட்டு வர முகம் அழிஞ்சாத்தான் வலிக்கும்.

இப்போ முக்கியமான சீன். 2025 ஜூலைல வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் படம், கிரெடிட் நடுவுல வரது. நாலு வருஷம் கழிச்சுன்னு கார்டு போடுறான். ரீட் பொண்டாட்டி சூ, புள்ள ஃபிராங்க்ளினுக்குக் கதை படிக்கிறா, வேற புக் எடுக்க எந்திரிச்சுப் போறா. திரும்பி வந்தா பச்சை அங்கி போட்ட ஒருத்தன் புள்ள முன்னாடி மண்டி போட்டு இருக்கான். நமக்கு முதுகு மட்டும்தான். முகமூடி கையில, அதான் டூம். ஃபிராங்க்ளின் கை அவன் முகத்துக்குப் போகுது. அடிக்க வந்தவன் முகமூடியைக் கழட்டிட்டா உக்காருவான்? அந்தப் புள்ளகிட்ட அவனுக்கு ஏதோ வேணும்.

என்ன வேணும்? காமிக்ஸ்ல டூமுக்கு சக்தி வரது மாலிக்யூல் மேன்ங்கிற ஆளை வெச்சு, பியாண்டர்ஸ்ங்கிற பிரபஞ்சத்துக்கு வெளிய இருக்குற கூட்டத்துகிட்டேர்ந்து. படத்துல இதுவரைக்கும் இவங்க ரெண்டு பேருமே கிடையாது. புதுசா அறிமுகப்படுத்தி, விளக்கி, அப்புறம் அந்த சக்தியை டூம் எடுக்கணும்னா ஒரு மணி நேரம் அதுக்கே போயிடும். ஆனா செத்துப்போன அம்மாவை எழுப்புற குழந்தைன்னு ஃபிராங்க்ளினை ஏற்கெனவே காட்டியாச்சு. மாலிக்யூல் மேன் இடத்துல ஃபிராங்க்ளின், இதுதான் என் கணக்கு. 2023ல லோக்கி சீரிஸ் கடைசில எல்லா டைம்லைனையும் கையில புடிச்சு மரமா உக்காந்திருக்கான் பாருங்க, அவனை அந்த இடத்துலேர்ந்து எந்திரிக்க வெக்க டூமுக்கு இந்தப் புள்ள உதவும்.

அடிக்கடி வர ரெண்டு தியரியை சீக்கிரம் முடிச்சுடறேன். அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கா நடிச்ச டவுனியே நடிக்கிறதால டூம்ங்கிறது வேற உலகத்து டோனின்னு ஒன்னு. 2024 காமிக்-கான் மேடையிலேயே விக்டர் வான் டூம்னுதான் அறிமுகப்படுத்துனாங்க. முகம் ஒன்னா இருக்குறதை வெச்சு டோனியை குருவா நினைச்ச ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் மனசைக் கலைக்கலாம், அவ்வளவுதான். அதுக்கு மேல இழுத்தா டூமோட தாய், அவன் ஆளுற லாட்வேரியா நாடு, ரீட் மேல இருக்குற பொறாமை எல்லாத்தையும் தூக்கிப் போடணும்.

இன்னொன்னு கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ரோஜர்ஸ். கையில குழந்தையோட டீசர் வந்ததும், கடந்த காலத்துல தங்குனவன்தான் இன்கர்ஷனுக்குக் காரணம்னு கிளம்பிட்டாங்க. இதுக்கு ஒரு அடிப்படை இருக்கு, மறுக்கல. 'எண்ட்கேம்' முடிஞ்சப்போ ஸ்டீவ் வாழ்ந்தது வேற டைம்லைன்னு டைரக்டர் ரூஸோ பிரதர்ஸ் சொன்னாங்க, இல்ல இதே டைம்லைன்தான்னு ரைட்டருங்க சொன்னாங்க. அந்த ரைட்டருங்கள்ல ஒருத்தரான மெக்ஃபீலியும் இப்போ இதுல இருக்காரு. பழைய பஞ்சாயத்தை இதுல தீர்ப்பாங்க. ஆனா மொத்தப் பழியையும் ஸ்டீவ் தலையில கட்ட மாட்டாங்க, டூமோட வேலை குறைஞ்சுடும்.

கடைசி ஷாட்? காமிக்ஸ்ல டூம் செத்த உலகங்களோட துண்டுகளை ஒட்டி பேட்டில்வேர்ல்டுன்னு கட்டுவான், தானே கடவுள்னு உக்காருவான். சூ அவன் பொண்டாட்டி, ஃபிராங்க்ளின் அவன் புள்ள. சூவோட தம்பி ஜானியைத் தூக்கி சூரியனா வெச்சுட்டான். அதே டீம்ல கல்லு உடம்புக்காரர் பென் கிரிம்தான் எல்லைச் சுவர். இங்க கடலைத் தடுக்கக் கொட்டி வெச்சிருக்கானுங்களே கல்லு, அந்த மாதிரி அந்த மனுஷன் ஊருக்குக் காவலா நிக்கிறாரு. இதெல்லாம் அடுத்த படத்துக்கு. 'டூம்ஸ்டே'ல வானம் சிவந்து, திரை வெள்ளையாகி, டூம் சிம்மாசனத்துல உக்காரான், மடியில ஃபிராங்க்ளின். அந்தப் புள்ள டூமைப் பாத்து "அப்பா"ங்குது. கட். காமிக்ஸ்ல மாதிரி மோதலுக்கு முன்னாடி ரீட் கட்டுன உயிர்காப்பு ஓடத்துல தப்பிச்சது யார் யாருன்னு கிரெடிட் நடுவுல காட்டுவாங்க, சீட்டை விட்டு எந்திரிக்காதீங்க.