பிரிந்த வீடு

அவையோர்க்கு வணக்கம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம். அங்கே டஸ்கலூசா நகரில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். வெளிநாட்டு மாணவர்களை விடுமுறை நாட்களில் வீட்டுக்கு அழைத்து உணவளிப்பது அந்த ஊர் ஆலயங்களின் வழக்கம். அப்படி எனக்கு வாய்த்த ஒரு குடும்பத்தைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். கணவர் அலபாமா பல்கலைக்கழகத்தில் படித்தவர்; மனைவி ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கணவரின் தாய், எழுபத்தைந்து வயது மூதாட்டி, அவர்களோடு இருந்தார்.

அவர்களுடைய காரின் முன்புறத்தில் ஒரு தகடு இருந்தது. பாதியில் அலபாமாவின் சின்னம், பாதியில் ஆபர்னின் சின்னம், குறுக்கே ‘பிரிந்த வீடு’ என்ற எழுத்து. அந்த மாநிலத்துச் சாலைகளில் இத்தகைய தகடுகளை நிறையப் பார்க்கலாம். தனக்குத்தானே விரோதமாகப் பிரிந்த வீடு நிலைநிற்காது என்கிறது மாற்கு நற்செய்தி. அந்த வசனத்திலிருந்து வந்த சொல் அது.

இவர்கள் கால்பந்து என்று சொல்வது நம் ஊரில் காலால் உதைத்து ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, எதிரிகளை மோதித் தள்ளி, கஜம் கஜமாக நிலத்தைக் கைப்பற்றும் ஆட்டம். 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடியதையே முதல் கல்லூரிப் போட்டியாகக் கணக்கிடுகிறார்கள். வடக்கே பிறந்த ஆட்டம்தான். ஆனால் தெற்கு அதை மார்போடு அணைத்துக்கொண்டது. 1926 புத்தாண்டு நாளில் அலபாமா அணி கலிபோர்னியா சென்று, ரோஸ் பௌல் போட்டியில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 20-19 என்று வென்றது. வடக்கோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்று, வறுமையில் நைந்து, மற்ற மாநிலங்களின் ஏளனத்துக்கு ஆளாகியிருந்த மக்களுக்கு அந்த ஒரு புள்ளி வித்தியாசம் என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்றுவரை அலபாமாவில் என்.எஃப்.எல் என்னும் தேசியத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பின் அணி ஒன்றுகூட இல்லை. ஊரின் அன்பு முழுவதும் கல்லூரிகளுக்கே போகிறது.

வாரக் கடைசியின் மூன்று நாட்களையும் அவர்கள் பங்கிட்டுக்கொண்ட விதம் எனக்கு வியப்பளித்தது. வெள்ளி இரவு உயர்நிலைப் பள்ளிகளுக்கு, சனி கல்லூரிகளுக்கு, ஞாயிறு ஆலயத்துக்கு. பழக்கம் மட்டுமே இதைக் காக்கவில்லை. தொழில்முறை அணிகள் ஒன்றுசேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்கலாம் என்று அனுமதித்த 1961-ஆம் ஆண்டுச் சட்டம், கூடவே ஒரு வரம்பையும் கட்டியது. செப்டம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை, வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் பள்ளி, கல்லூரி ஆட்டங்களின் எல்லைக்குள் அந்த அணிகளின் ஒளிபரப்பு நுழைந்தால் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளிக்கிழமையை மதித்தது என்பதை இன்றும் மகிழ்ச்சியோடு நினைக்கிறேன்.

சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் காலையிலேயே வளாகம் நிறைந்துவிடும். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துச் சமைத்து, பரிமாறி, உறவாடும் அந்தக் கூடலுக்கு டெயில்கேட் என்று பெயர். அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அமரலாம். டிக்கெட் இல்லாதவர்களும் கூடாரம் போட்டு வெளியிலேயே இருப்பார்கள். புகையில் வாட்டிய பன்றி இறைச்சி, பொரித்த கோழி, குளிர்ந்த இனிப்புத் தேநீர். இவற்றுக்கு நடுவே ஒரு பாத்திரத்தில் ஆவி பறக்க அவித்த வேர்க்கடலையைக் கண்டபோது என் கண்கள் நிறைந்தன. உப்புப் போட்டு, தோலோடு அவித்த அதே வேர்க்கடலை. பத்தாயிரம் மைல் தாண்டி வந்தவனுக்கு அந்த மூதாட்டி இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்தார். யார் வீட்டுப் பிள்ளை, எந்த நாடு என்பதெல்லாம் பிறகுதான் கேட்டார்.

நான் சொல்ல விரும்பும் வாரக்கடைசி 2013 நவம்பர் 30-இல் தொடங்குகிறது. நன்றி கூறும் நாள் விருந்து முடிந்து இரண்டாம் நாள். அலபாமாவும் ஆபர்னும் மோதும் அயர்ன் பௌல், ஆபர்ன் மைதானத்தில். 1893-இல் தொடங்கிய போட்டி அது. 1907-க்குப் பிறகு இரு பல்கலைக்கழகங்களும் பிணங்கிக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஆடாமலே இருந்து, 1948-இல்தான் மீண்டும் களம் இறங்கின. நாங்கள் பதினைந்து பேர் அந்த வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் இருந்தோம். அலபாமா முந்தைய இரண்டு பருவங்களிலும் தேசியப் பட்டம் வென்ற அணி. அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் காணாத அணி.

28-க்கு 28. கடிகாரத்தில் மீதமிருந்தது ஒரே நொடி. அலபாமா 57 கஜத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைக்க முயன்றது. பந்து எட்டவில்லை. கம்பத்தின் அடியில் காத்திருந்த ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 109 கஜம் ஓடினார். 34-28. ஆட்டம் முடிந்தது. கூடத்தில் மனைவி மட்டும் எழுந்து நின்றார். கைகளால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கணவர் அசையவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து சென்று, மனைவியின் தோளைத் தட்டி, ‘வார் ஈகிள்’ என்றார். ஆபர்னின் முழக்கம் அது. தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து வராத சொல் என்று பிள்ளைகள் பிறகு எனக்குச் சொன்னார்கள்.

இந்தப் பற்று நஞ்சாகவும் மாறும். ஆபர்ன் நகரின் டூமர்ஸ் கார்னரில் வெற்றி நாட்களில் மக்கள் கூடிக் காகிதச் சுருள்களை வீசிக் கொண்டாடும் பழைய ஓக் மரங்கள் இரண்டு இருந்தன. 2010-ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஆபர்ன் வென்ற பின், எதிரணி ரசிகர் ஒருவர் அவற்றின் அடியில் களைக்கொல்லியைக் கொட்டினார். 2013 ஏப்ரலில் மரங்களை அகற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சனிக்கிழமை இரவு, மரங்கள் நின்ற இடத்தில் கட்டிய கம்பிகளின் மீது மக்கள் காகிதச் சுருள்களை வீசினார்கள். வென்ற மகிழ்ச்சியிலும் மனைவி அதைப் பற்றித்தான் பேசினார்.

மறுநாள் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மெதடிஸ்ட் ஆலயத்தில் முதல் மெழுகுவத்தியை ஏற்றினார்கள். முன்தினம் இரு கட்சியாக இருந்தவர்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து பாடினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். சனிக்கிழமைகளில் கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் நின்று ஆர்ப்பரிக்கும் ஊர். ஆலயத்திலோ என்னைத் தவிர எல்லோரும் வெள்ளையர்.

இதற்கு ஒரு நெடிய கதை உண்டு. அடிமை முறையை முன்னிட்டு மெதடிஸ்ட் சபை 1844-இல் பிளந்தது. 1939-இல் இணைந்தபோதும் கறுப்பர் சபைகளைத் தனி மண்டலமாக ஒதுக்கியது. அந்த ஒதுக்கம் 1968-இல்தான் ஒழிந்தது. அலபாமா அணியில் முதல் கறுப்பின வீரர் ஜான் மிட்செல் களமிறங்கியது 1971-இல். மைதானம் அதன் பிறகு வேகமாக மாறிவிட்டது. வெற்றி வேண்டும் என்ற ஆசையாவது அதை மாற்றியது. ஆலய பெஞ்சுக்கு அப்படி ஒரு நெருக்கடி வரவில்லை. ஞாயிறு காலை பதினொரு மணியே கிறிஸ்தவ அமெரிக்கா மிகவும் பிரிந்திருக்கும் நேரம் என்று மார்ட்டின் லூதர் கிங் வருந்தினார். அந்தப் பெஞ்சில் அமர்ந்தபோது அவ்வருத்தத்தின் பொருள் எனக்கு விளங்கியது. ஆட்டம் பிரித்த வீடு நிலைத்து நிற்கிறது. நிறம் பிரித்த வீட்டைப் பற்றி ஆலயத்தில் யாரும் பேசவில்லை.

வீட்டில் பேசினார்கள். மதிய உணவுக்கு மேசையைச் சுற்றி நின்று கைகோத்தோம். ஜெபம் சொல்வது மூதாட்டியின் பங்கு. 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, பர்மிங்காம் நகரில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றபோது அவருக்கு இருபத்தைந்து வயது. “அன்று எங்கள் ஆலயத்தில் ஆராதனை நடந்தது. அடுத்த ஞாயிறும் நடந்தது. அந்தக் குழந்தைகளின் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை” என்று முன்பொரு நாள் என்னிடம் கூறியிருந்தார். ஐம்பதாம் ஆண்டு நினைவு வந்த அந்தச் செப்டம்பர் முதல் ஒவ்வொரு ஞாயிறும் மேசையில் அவர் அந்தப் பெயர்களைச் சொல்லிவந்தார்.

அன்றும் உணவுக்கு நன்றி சொன்னார். மகனுக்கும் மருமகளுக்கும், கடல் கடந்து வந்த எனக்கும் ஆசி கேட்டார். பிறகு மெதுவாக: ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நெய்ர்.

ஆமென் என்றோம். மருமகள் சோள ரொட்டித் தட்டை என் பக்கம் நீட்டினார்.